இரண்டாவதாக இறங்குபவர்

2023 ஏப்ரல் 5, பங்குனி உத்திரம். சென்னை நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தவாரி அன்று மூவரசம்பேட்டைக் குளத்தில் நடந்தது. சுவாமியோடு நீரில் இறங்கிய இளைஞர்களில் ஐந்து பேர் மூழ்கி இறந்துபோனார்கள். எல்லோரும் பதினெட்டு வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கத்துக்குள் இருந்தவர்கள். ஒருவர் ஆழமான பகுதிக்குள் போய்த் தத்தளித்ததும் பக்கத்தில் நின்றவர்கள் பிடிக்கப் பாய்ந்தார்கள். பிடிக்கப் போனவர்களும் திரும்பவில்லை.

கோயில் குளத்தை யாரும் வேலைத்தலம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஐந்து உயிர்கள் போன விதம், தமிழ்நாட்டின் வேலைத்தலங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு வகைச் சாவோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. முதலில் ஒருவர் சிக்குகிறார். அவரைத் தூக்கப் போனவர் சிக்குகிறார். அந்த இருவரையும் தூக்க மூன்றாமவர் போகிறார். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை, மின்கசிவுள்ள மோட்டார் என்று இடம் மாறலாம், வரிசை மாறுவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குப் பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஹெல்மெட்டும் பூட்ஸும் முக்கியம்தான், அவற்றைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். கண் முன்னே விழுந்தவனைப் பார்த்ததும் என்ன செய்யக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லை.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே உண்மையான மூழ்கல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவர் கண்டது வேறு. மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் நீருக்கு மேலே வரும் அரை விநாடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கிறது, குரல் எழுப்ப இல்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீண்டு நீரைக் கீழே அழுத்துகின்றன. பெரியவர் ஒருவர் இந்த நிலையில் மேற்பரப்பில் இருப்பது அதிகம் போனால் ஒரு நிமிடம். அந்த நேரத்தில் அந்தக் கைகளுக்கு எட்டுவது எதுவாக இருந்தாலும் அதை அழுத்தி உடல் மேலே ஏறப் பார்க்கும். எட்டுவது காப்பாற்ற வந்த நண்பனின் தோளாக இருந்தால், நண்பன் கீழே போவான். இதில் நன்றியும் இல்லை, நன்றிகேடும் இல்லை. மூளையின் சிந்திக்கும் பகுதி அப்போது வேலையே செய்வதில்லை.

அதனால்தான் நீர்மீட்பில் பயிற்சி பெற்றவர்கள்கூட உடலைக் கடைசி ஆயுதமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். மூங்கில் கழி நீட்டலாம், கயிறு வீசலாம், அவிழ்த்த வேட்டியின் ஒரு முனையை எறியலாம், மூடிய காலிக் குடத்தைத் தள்ளிவிடலாம். நடுவில் ஒரு பொருள் இருந்தால் மூழ்குகிறவர் அதைப் பிடித்துக்கொள்வார். காப்பாற்றுகிறவர் காப்பாற்றுகிறவராகவே இருப்பார்.

இப்போது குளத்திலிருந்து தெருவுக்கு வருவோம். நங்கநல்லூரில் பழைய தனி வீடுகள் இடிந்து அடுக்கு வீடுகளாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் பச்சை வலை கட்டிய கட்டடம் ஒன்று நிற்கும். அந்த சைட்டில் ஊரிலிருந்து சமீபத்தில் வந்திறங்கிய பையன் ஒருவனாவது இருப்பான். விழுப்புரமாக இருக்கலாம், ஒடிசாவாக இருக்கலாம், பீகாராக இருக்கலாம். அவனுக்கு முதல் நாள் பாடம் எடுப்பவர் மேஸ்திரி. பாடம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். சாரத்தில் ஓடாதே, கீழே ஆள் இருந்தால் செங்கல்லைப் போடாதே, சுவிட்ச் போர்டைத் தொடாதே. எல்லாம் சரியான பாடங்கள்தான்.

கனடாவின் டொரண்டோவில் இயங்கும் வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளின் இழப்பீட்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. ஒரு வேலையில் ஓராண்டுக்கு மேல் இருப்பவரைவிட, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்குக் காயம்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது அதன் முடிவு. வயது இதற்கு முழுக் காரணம் இல்லை. ஐம்பது வயதில் புது வேலைக்குப் போனாலும் முதல் மாதம் ஆபத்தானதுதான். புதியவருக்கு எந்த ஓசை வழக்கமானது, எந்த நாற்றம் வழக்கமில்லாதது என்று தெரியாது. கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் வேறு. முதல் வாரத்திலேயே நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட ஒருவனிடம் ‘டேய் தம்பி, கொஞ்சம் உள்ளே இறங்கிப் பாரு’ என்று சொன்னால் அவன் மறுப்பானா?

உள்ளே என்றால் எங்கே? பெரும்பாலும் சம்ப்புக்குள். சென்னையில் தண்ணீர்த் தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த பாடத்தில், கட்டடத்தின் வாசலில் முதலில் தோண்டுவதே தரைக்கு அடியிலான இந்தத் தொட்டியைத்தான். சுவரும் மேல்மூடித் தளமும் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். அதைத் தாங்க உள்ளே பலகையும் சவுக்குக் கட்டையும் முட்டுக் கொடுக்கிறார்கள். தளம் இறுகுவதற்குச் சில வாரம் விட்டுவைக்கிறார்கள். பிறகு இரண்டடிக்கு இரண்டடித் திறப்பு வழியாக ஒருவர் இறங்கி அந்தச் சென்டரிங்கைப் பிரிக்க வேண்டும். புதுத் தொட்டி, சாக்கடை ஒரு சொட்டுகூட வந்ததில்லை, நாற்றம் இல்லை. யாருக்கும் சந்தேகம் வராது.

2022 நவம்பரில் கரூரை அடுத்த சுக்காலியூரில், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் தொட்டியில் சென்டரிங் பிரிக்க இறங்கிய தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி இறந்தார்கள். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ‘விஷவாயு தாக்கி’ என்று எழுதுகிறார்கள். பல சமயம் அங்கே விஷவாயு எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. பிராணவாயு இல்லாததே போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் சம்ப் என்றால் உள்ளே பத்துக் கன மீட்டர் காற்று. அதில் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு, எடையில் சொன்னால் சுமார் 2.7 கிலோ. இதில் பாதி தீர்ந்தால் உள்ளே போகிறவர் நினைவிழந்து விழுவார். அந்தப் பாதியைத் தீர்க்க எவ்வளவு மரம் மக்க வேண்டும்? மரத்தின் பெரும்பகுதியான செல்லுலோஸ் மக்கும்போது, தன் எடையைவிடச் சற்று அதிகமான ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றேகால் கிலோ போதும். உள்ளே நிற்பதோ நூற்றுக்கணக்கான கிலோ ஈரப் பலகை. கியூரிங் தண்ணீர் தேங்கிய வெதுவெதுப்பான இருட்டில், மூடி போட்டு அடைத்த சில வாரங்களில், பூஞ்சையும் பாக்டீரியாவும் இதைச் சத்தமில்லாமல் செய்து முடித்துவிடும். இரும்பு துருப்பிடிப்பதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும், கம்பிகள் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பதிலுக்கு வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. மூடியைத் திறந்துவைத்தாலும் அது தொட்டியின் அடியிலேயே தங்கிக்கிடக்கும்.

உடல் இதை ஏன் முன்கூட்டியே உணர்வதில்லை? மூச்சு முட்டுகிறது என்று நாம் சொல்லும் அந்தத் தவிப்பு, ஆக்ஸிஜன் குறைவதால் வருவது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடுவதுதான். நாம் மூச்சை அடக்கினால் அது கூடுகிறது, உடனே உடல் கூச்சல் போடுகிறது. ஆக்ஸிஜன் இல்லாத காற்றைத் தாராளமாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தால், உள்ளே சேரும் கார்பன் டை ஆக்ஸைடு ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். கூச்சல் வராது, அல்லது மிகத் தாமதமாக, மிக மெல்லியதாக வரும். ஆக்ஸிஜன் 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது முடிவெடுக்கும் திறன் மங்குகிறது. சிலருக்கு லேசான குதூகலம்கூட வரும். 10க்குக் கீழே நினைவு போகிறது. 6 அளவில் சில நிமிடங்களில் உயிர் போகிறது. ஏணியில் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த எண்கள் ஒவ்வொரு படியிலும் மாறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது, இது அதிகம் பேசப்படாதது. நுரையீரல் ஒருவழிப் பாதை அல்ல. உள்ளே வந்த காற்றில் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைந்த ஆக்ஸிஜன் இருந்தால், ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜன் நுரையீரலுக்குத் திரும்பி, வெளிமூச்சோடு போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர் ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பார். ஆக்ஸிஜனே இல்லாத காற்றை இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்தவருக்கு அந்த ஒரு நிமிடம்கூடக் கிடையாது. காலியான அந்த ரத்தம் சில விநாடிகளில் மூளையை அடைகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் உறுப்பு, சேமிப்பு எதுவும் வைத்துக்கொள்ளாதது. ஏணியைப் பிடித்த கை நழுவுகிறது. மேலே நிற்பவர் கண்ணுக்கு, கால் தவறி விழுந்ததைப் போலத்தான் தெரியும்.

செப்டிக் டேங்க்கும் பாதாளச் சாக்கடையும் இதைவிட மோசம், அங்கே உண்மையான விஷமும் இருக்கிறது. நங்கநல்லூருக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. சென்னை மாநகராட்சியோடு 2011இல் இணைவதற்கு முன்பு இந்தப் பகுதி ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச லாரி என்றிருந்த காலம் அது. 1990களின் கடைசியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. வீட்டுக்காரர்கள் இணைப்பு வருவதற்கு முன்பே ஆளுக்கு 5,000 ரூபாய் கட்டினார்கள், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மக்கள் முன்பணத்தில் ஒரு சிறு நகராட்சி இதைச் செய்ததை நாடெங்கும் முன்மாதிரியாகப் படிக்கிறார்கள், படிக்க வேண்டியதும்தான். அந்தத் திட்டம் வீட்டுக்கடியிலிருந்த ஆபத்தில் பெரும்பங்கைக் குறைத்தது. ஆனால் தெருவில் மேன்ஹோல்கள் வந்தன. இணைப்புக் கிடைத்ததும் மூடிப்போட்டு மறந்துவிட்ட பழைய தொட்டிகள் இன்னும் சில வீட்டு முற்றங்களுக்கு அடியில் கிடக்கக்கூடும். வீட்டை இடித்துக் கடைக்கால் எடுக்க வரும் பையனுக்கு அது தெரியப்போவதில்லை.

சாக்கடைக் கசடில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இதுதான். காற்றில் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும், அதாவது ஒரு பிபிஎம்முக்கும், மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் ‘நாற்றம் வந்தால் ஆபத்து, போய்விட்டால் சரி’ என்று ஒரு நம்பிக்கை. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது. வாயு 100 பிபிஎம்மைத் தொட்டால், சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகிறது. ‘இப்போது பரவாயில்லை அண்ணே, நாற்றம் அடங்கிடுச்சு’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தால், காற்று சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, மூக்கு கைவிட்டிருக்கலாம். 700, 1000 என்று போனால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். இந்த வாயு உயிரணுக்களுக்குள் போய், அவை ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கண்ணியில் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் அணுக்களால் அதைத் தொட முடிவதில்லை.

மேலிருந்து மூடியைத் திறந்து அரைமணி நேரம் விட்டோமே என்பார்கள். கசடுக்குள் கரைந்தும் சிக்கியும் கிடக்கும் வாயு, மண்வெட்டி பட்டுக் கலங்கும்போதுதான் பீறிட்டு வரும், குலுக்கித் திறந்த சோடா பாட்டிலைப் போல. இறங்கும்போது சரியாக இருந்த காற்று, வேலை தொடங்கிய மறு நிமிடம் சரியாக இருக்காது.

இப்போது இரண்டாவது ஆளைப் பார்ப்போம். 2019 மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களோடு அந்த இடத்தின் உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் அந்த ஆறு பேரில் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் ராயப்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் மயங்கிய சகோதரனை மேலே தூக்கிவிட்ட 25 வயது இளைஞர் தான் ஏற முடியாமல் உள்ளேயே இறந்தார். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூடிய இடங்களில் இறப்பவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்றது அது. நம் ஊரில் அப்படிப் பிரித்து யாரும் எண்ணியதாக நான் பார்த்ததில்லை, எண்ண வேண்டும் என்று விரும்புகிறேன்.

லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. பிறரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த எளிய மனிதர்களுக்காக அங்கே ஒரு சுவரில் பீங்கான் பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஒரு பலகை 1895 ஜூலை 1 அன்று ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் இறைப்பு நிலையத்தில் ஒரு சக தொழிலாளியைக் காப்பாற்றப் போய் இறந்த நான்கு பேருடையது. ஒருவர் விழ, நான்கு பேர் வரிசையாக இறங்கினார்கள். அந்த வாயுவை ஆராய வந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கத்துக்குள் கானரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோகச் சொன்ன அதே உடலியல் அறிஞர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே காரணமும் தெரிந்துவிட்டது, வரிசையும் தெரிந்துவிட்டது.

காப்பாற்றப் போகிறவர் ஏன் முதலாமவரைவிட வேகமாக விழுகிறார் என்பதற்கும் உடலியலில் விடை இருக்கிறது. சும்மா நிற்பவர் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். பதற்றத்தோடு ஓடிவந்து, ஏணியில் குதித்து இறங்கி, அறுபத்தைந்து கிலோ கனமுள்ள ஓர் உடலைத் தூக்க முயல்கிறவர் நாற்பது, ஐம்பது லிட்டர் இழுப்பார். விஷம் இருந்தால் ஆறேழு மடங்கு விஷம் உள்ளே போகிறது. ஆக்ஸிஜன் இல்லையென்றால் ஆறேழு மடங்கு வேகத்தில் ரத்தம் காலியாகிறது. முதலாமவர் நின்றுகொண்டு வேலை செய்தார், இவர் குனிந்து தொட்டியின் அடிமட்டத்துக்கே முகத்தைக் கொண்டுபோகிறார். கனமான வாயு அங்கேதான் இருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு போய்த் தூக்கிவிடலாம் என்ற எண்ணமும் பலிக்காது. தூக்கும் உழைப்பில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு சட்டென்று கூடும், உடல் வலுக்கட்டாயமாக வாயைத் திறக்கவைக்கும்.

முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் வீண். துணியும் மருத்துவ முகக்கவசமும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்கவும் செய்யாது. மெழுகுவத்தியை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஆக்ஸிஜன் 16 விழுக்காட்டுக்கு வந்தால் சுடர் அணையும் என்பது உண்மை. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும்போதும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். கையடக்கமான வாயுமானி ஒன்று ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்ஸைடு, எரிவாயு நான்கையும் ஒரே நேரத்தில் காட்டிவிடும். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். ஊதுகுழாய் உள்ள ப்ளோயரை வைத்துத் தொட்டியின் அடிவரை வெளிக்காற்றைச் செலுத்த வேண்டும், ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் அது ஓட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பழையது கயிறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆவது பிரிவில், அபாய வாயு இருக்கக்கூடிய அறைக்கோ தொட்டிக்கோ குழிக்கோ ஆள் இறங்குவதைப் பற்றிப் பேசியது. காற்றைச் சோதித்துத் தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும், இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். நம் நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே எழுதிவைத்த ஒழுங்கு இது. வெளியே நிற்கும் அந்த ஆளைப் பற்றிச் சட்டமே பேசியிருக்கிறது என்பதை எத்தனை மேஸ்திரிகள் அறிவார்கள்?

ஆக்ஸிஜன் கிடைக்காத மூளையில் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மீளாத சேதம் தொடங்கிவிடும். பழவந்தாங்கல் சுரங்கப்பாதை வழியாகவோ வேளச்சேரிப் பக்கமிருந்தோ எந்த ஆம்புலன்ஸும் அந்த நேரத்துக்குள் வந்து சேராது. தீயணைப்பு வீரர்களுக்குச் சுவாசக் கருவி இருக்கிறது, திறமை இருக்கிறது, ஆனால் அவர்களுக்கும் தெரு நெரிசல் உண்டு. ஆகவே உயிரோடு மீட்க வேண்டுமென்றால், மீட்புக்கான ஏற்பாடு ஆள் இறங்குவதற்கு முன்பே அந்த இடத்தில் தயாராக இருந்தாக வேண்டும். யாரும் உள்ளே இறங்காமலேயே மேலிருந்து அவரைத் தூக்க முடிய வேண்டும். வெறும் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினால் நினைவிழந்த உடல் இரண்டாக மடங்கி, இரண்டடித் திறப்பில் சிக்கும். தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் வார் போட்டு, முதுகு மேலிருக்கும் வளையத்தில் கயிற்றை மாட்டினால் உடல் நிமிர்ந்து நேராக மேலே வரும். ஒரே ஆள் கையால் தூக்குவது கடினம். திறப்புக்கு மேல் ஒரு முக்காலியும் கப்பியும் வேண்டும்.

மின்சாரத்திலும் இதே வரிசைதான். சம்ப்புக்குள் போட்ட மோட்டாரின் வயர் தோல் உரிந்து, எர்த் சரியில்லாமல், ஒருவர் அதைத் தொட்டுவிட்டால் கை அதை விட மறுக்கும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் டால்ஸியல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். ஏறத்தாழ 10 முதல் 16 மில்லி ஆம்பியர் ஓடினாலே கையைத் திறக்க முடியாமல் போகிறது. முன்கையில் விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமையானவை, மின்சாரம் இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது மடக்குபவை வெல்கின்றன. தோல் நனைந்திருந்தால் உடலின் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கும், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் ஓடும். இதயத்தின் தாளத்தைக் குலைக்க அதில் பாதிகூட வேண்டாம். அவரைத் தொட்டு இழுப்பவரின் உடல் அதே சுற்றின் அடுத்த கண்ணி. முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளாதவருக்கு அந்த நேரத்தில் அது கிடைக்காது. மெயின் எட்டாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் தள்ள வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் விலை. அந்த வகைக் கருவி ஒன்றை 1961இல் உருவாக்கியவரும் அதே டால்ஸியல்தான்.

செப்டிக் டேங்க்குக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான அரசுக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள், மாநிலங்களில் நம்முடையதுதான் முன்னால் நிற்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லாமல் இதை வெறும் வாயுக் கணக்காக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. தொட்டி நிரம்பினால் 14420 என்ற எண்ணில் லாரிக்குச் சொல்லலாம், குழாய் உறிஞ்சும், ஆள் இறங்கத் தேவையில்லை. ‘அடியில் கொஞ்சம் கசடு இருக்கிறது, யாரையாவது இறக்கிச் சுரண்டிவிடுங்கள்’ என்று கேட்கும் வீட்டுக்காரர்தான் அந்த ஆளை உள்ளே அனுப்புகிறவர்.

சென்டரிங் பிரிப்பது, சம்ப் கழுவுவது, பெயின்ட் அடிப்பது போன்ற, ஆள் இறங்கியே ஆக வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அங்கே புதியவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘மேஸ்திரி அண்ணே, உள்ளே நான் மயங்கி விழுந்தா, நீங்க யாரும் இறங்காம என்னை எப்படி மேலே தூக்குவீங்க?’ பதிலாக வாரையும் கயிற்றையும் முக்காலியையும் காட்டினால் இறங்கலாம். பதில் சிரிப்பாகவோ வசவாகவோ வந்தால், அன்றைய கூலி போனாலும் மேலேயே நிற்கலாம். கூலியை நம்பி வந்தவனுக்கு இது எவ்வளவு கடினம் என்று தெரியாமல் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை அவனை மட்டும் கேட்கவிடாமல், வீட்டுக்காரரும் ஃப்ளாட் அசோசியேஷன் செயலாளரும் அவனுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

பக்கத்து ஆள் விழுந்துவிட்டால்: இறங்காதே. கத்திக் கூட்டம் சேர், 108க்கும் 101க்கும் சொல், ‘மூடிய தொட்டிக்குள் ஆள்’ என்று தெளிவாகச் சொல். ப்ளோயர் இருந்தால் குழாயை அவர் முகத்துக்குப் பக்கத்தில் இறக்கு. கயிறு கட்டியிருந்தால் இழு. இறங்கப் பார்க்கும் மூன்றாவது ஆளைக் கட்டிப்பிடித்து நிறுத்து, அவன் அண்ணனாக இருந்தாலும், அப்பாவாக இருந்தாலும்.

மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவர் பார்ப்பதற்குச் சும்மா நிற்பவர் மாதிரிதான் தெரிவார். செங்கல் தூக்குவதில்லை, கலவை போடுவதில்லை, நாள் முழுவதும் ஒரு திறப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கான்ட்ராக்டர் ஆள் குறைக்கும்போது முதலில் வெட்டுவது அவரைத்தான், ‘கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஜல்லி எடுத்துப் போடு’ என்று அனுப்பிவிடுவதும் அவரைத்தான். சம்ப் வேலைக்கு எஸ்டிமேட் வாங்கும்போது மூட்டைக் கணக்கில் சிமென்ட்டும் டன் கணக்கில் கம்பியும் எழுதியிருப்பதைச் சரிபார்க்கிறோம். அந்தத் தாளில் ‘தொட்டிக்கு வெளியே நிற்கும் ஆள், ஒருவர், முழு நாள் கூலி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுதச் சொல்லி, அதற்கான பணத்தை நாமே கொடுக்க வேண்டும்.